பம்பிங் 30 சதவீதம்: வால்வு அறுவைக்கு முன் ஊசி போட்டு இன்னொரு எக்கோ எதற்கு?

மலைக்கோட்டை மகள் | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. போன மாதம் கோயில் பிராகாரத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டார்.

எக்கோ அறிக்கையில் உள்ளது இது: மகாதமனி வால்வின் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசல்) பரப்பு 0.78 சதுர செ.மீ., சராசரி அழுத்த வேறுபாடு 28, பம்பிங் (இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) 30 சதவீதம். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர், வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார். இரண்டாமவர் அதே தாளைப் பார்த்துவிட்டு, சுருக்கம் நடுத்தரம்தான், இதயத் தசைதான் கெட்டிருக்கிறது, இந்தப் பம்பிங்கில் நெஞ்சைத் திறப்பது ஆபத்து, மாத்திரையில் ஓட்டலாம் என்றார். மூன்றாவது இடத்தில், இதயத்தை வலுவாகத் துடிக்க வைக்கும் டோபுடமின் ஊசி செலுத்திக்கொண்டே இன்னொரு எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். அண்ணன் முதல் மருத்துவர் பக்கம், சித்தப்பா இரண்டாமவர் பக்கம். அப்பா யார் பக்கமும் இல்லை, தன்னை விட்டுவிடச் சொல்கிறார். ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு இருவர் எப்படி எதிரெதிராகச் சொல்ல முடியும்?

நாலும் தெரிந்தவன் | திங்கள், இரவு 9.40

எக்கோ எடுத்தாயிற்று, ஆஞ்சியோ எடுத்தாயிற்று, இப்போது ஊசி எக்கோ. அடுத்து சி.டி. ஸ்கேன் என்பார்கள், அதற்கடுத்து எம்.ஆர்.ஐ. பில் ஏறுவதற்குத்தான் இத்தனையும். அதோடு, பலவீனமான இதயத்தை மருந்து கொடுத்து ஓடவிடுவது என்ன நியாயம்? நின்றுபோனால் யார் பொறுப்பு?

எக்கோ அறை | திங்கள், இரவு 11.05

நான் எக்கோ தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல. அளவெடுப்பதில்தான் என் காலமெல்லாம் போயிற்று, அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சகோதரி, உங்கள் அப்பாவின் அறிக்கைக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. மகாதமனி வால்வுச் சுருக்கம் கடுமையானது என்று சொல்ல இரண்டு அளவுகளைப் பார்ப்பார்கள். பரப்பு 1 சதுர செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பரப்பு கடுமை என்கிறது, அழுத்தம் நடுத்தரம் என்கிறது. முதல் மருத்துவர் பரப்பைப் பார்த்துப் பேசினார், இரண்டாமவர் அழுத்தத்தைப் பார்த்துப் பேசினார். இருவர் சொன்னதும் அந்தத் தாளில் இருப்பதுதான்.

இந்த முரண் வரக் காரணம் பலவீனமான இதயம். அழுத்த வேறுபாடு என்பது வால்வை மட்டும் பொறுத்ததல்ல, அதன் வழியே எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்பதையும் பொறுத்தது. ரத்தம் குறைவாகப் பாய்ந்தால், வால்வு கல்லாகிக் கிடந்தாலும் அழுத்தம் குறைவாகவே காட்டும். இன்னொரு பக்கம், வால்வு ஓரளவு நன்றாகவே இருந்தாலும், தள்ளும் வேகம் போதாததால் முழுதாகத் திறக்காமல், எக்கோவில் சிறிய பரப்பாகத் தெரியலாம். பாதிதான் திறக்கும் கதவைப் பார்த்து, கீல் துருப்பிடித்ததா, தள்ளுகிறவருக்குத் தெம்பில்லையா என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது அல்லவா? தள்ளுகிறவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்துப் பார்ப்பதுதான் டோபுடமின் எக்கோ.

குறைந்த அளவில் மருந்தைத் தொடங்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போவோம். ஒவ்வொரு படியிலும் அளவெடுப்போம். மூன்றில் ஒன்று நடக்கும்:

ரத்த ஓட்டம் கூடி, அழுத்தம் 40-ஐத் தாண்டி, பரப்பு அப்படியே 1-க்குள் நின்றால், சுருக்கம் உண்மையிலேயே கடுமையானது. வால்வுதான் குற்றவாளி.

ரத்த ஓட்டம் கூடியதும் பரப்பு 1-ஐத் தாண்டி விரிந்து, அழுத்தம் 40-க்குக் கீழேயே இருந்தால், சுருக்கம் அவ்வளவு கடுமையில்லை. நோய் தசையில்தான். வால்வை மாற்றிப் பெரிய பலன் கிடைக்காது.

மூன்றாவதுதான் சங்கடம். மருந்து கொடுத்தும் ரத்த ஓட்டம் கூடவே இல்லையென்றால் எதையும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைந்தது 20 சதவீதமாவது கூடினால்தான் இதயத்தில் இருப்புச் சக்தி இருக்கிறது என்று எழுதுவோம்.

நாலும் தெரிந்தவனுக்கு: இதில் கொடுக்கும் உச்ச அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 மைக்ரோகிராம். இதய ரத்தக் குழாயில் அடைப்பைத் தேடிச் செய்யும் சோதனையில் 40 வரை போவார்கள், இது அதில் பாதி. மருந்தின் ஆயுளும் குறைவு. ஊசியை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகிவிடும். துடிப்பு ஒழுங்கு தவறினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அங்கேயே நிறுத்திவிடுவோம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் பக்கத்தில் மருத்துவர் இருக்க வேண்டும், ஷாக் கொடுக்கும் கருவி தயாராக இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டாம்.

எக்கோ அறை | திங்கள், இரவு 11.31

விட்டுப்போன ஒன்று. அந்த 0.78 என்ற எண்ணையே கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமான எக்கோவில் வால்வின் பரப்பைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. வால்வுக்குக் கீழே ரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளந்து, வர்க்கப்படுத்தி, கணக்குப் போட்டு எடுப்பது அது. விட்டம் 2 செ.மீ. என்று வைத்து 0.78 வருகிறது என்றால், அதையே 1.9 என்று அளந்திருந்தால் 0.7 வரும், 2.1 என்று அளந்திருந்தால் 0.86 வரும். ஒரு மில்லிமீட்டர் என்பது திரையில் ஒரு கோட்டின் தடிமன். அவசரத்தில் எடுத்த எக்கோவில் இது சர்வ சாதாரணம்.

பம்பிங் சதவீதமும் அப்படித்தான். இதய அறையின் ஓரங்களை வரைந்து கணக்கிட்டார்களா, கண்ணால் பார்த்து ஒரு மதிப்புப் போட்டார்களா என்று கேளுங்கள். எக்கோ எடுத்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்றும் பாருங்கள். 180 இருக்கும்போது எடுத்த எக்கோ வால்வைப் பற்றித் தப்பாகப் பேசும். துடிப்பு தாறுமாறாக உள்ளவருக்கு ஒரே ஒரு துடிப்பை அளந்து எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிடலாம், பல துடிப்புகளின் சராசரிதான் செல்லும்.

நாலும் தெரிந்தவன் | செவ்வாய், காலை 6.50

இவ்வளவு தப்பு வருகிற கருவியை நம்பி நெஞ்சைப் பிளக்கச் சொல்கிறீர்கள். நல்ல கூத்து.

மயக்கவியலாளன் | செவ்வாய், காலை 7.45

தப்பு வரலாம் என்பதால்தானே இரண்டாவது சோதனை கேட்கிறார்கள்? முதல் எக்கோவை மட்டும் நம்பி மேசையில் படுக்க வைத்திருந்தால் உங்கள் கேள்வி சரி.

நான் இதய அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுப்பவன். பம்பிங் 30 என்ற எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் பயப்படுகிறார்கள். நாங்கள் முதலில் கேட்பது, ஏன் 30 என்பதைத்தான். இறுகிய வால்வை எதிர்த்துப் பல ஆண்டுகள் தள்ளித் தள்ளிக் களைத்த இதயம் ஒரு வகை. அதில் தடையை நீக்கியதும் சுமை இறங்கி, பம்பிங் கூடுகிறது. அறுவைக்குப் பின் சில மாதங்களில் 30 இருந்தது 45, 50 என்று ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். பழைய மாரடைப்பில் தழும்பேறிய இதயம் இன்னொரு வகை. தழும்பு சுருங்கி விரியாது, வால்வை மாற்றினாலும் அந்தப் பகுதி அப்படியேதான் கிடக்கும். ஆஞ்சியோவை முன்கூட்டியே எடுப்பதில் இதுவும் ஒரு நோக்கம். அடைப்பு இருந்தால் அதே அறுவையில் பைபாஸும் சேர்த்துச் செய்துவிடலாம். தழும்பு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் இதய எம்.ஆர்.ஐ. உதவும். எல்லாருக்கும் அது தேவைப்படாது.

வலது பக்க இதயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறிக்கையில் நுரையீரல் தமனி அழுத்தம், வலது கீழறையின் அசைவு இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த அசைவு 17 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் வலது பக்கமும் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இதய நுரையீரல் இயந்திரத்திலிருந்து இதயத்தை விடுவிக்கும்போது என்னைப் பெரும்பாலும் அலைக்கழிப்பது வலது பக்கம்தான்.

பிறகு கிரியாட்டினின், ஹீமோகுளோபின், நுரையீரல் திறன், சர்க்கரை. இவற்றையெல்லாம் வயதோடும் பம்பிங்கோடும் சேர்த்து யூரோஸ்கோர் போன்ற கணக்கில் போட்டால் உயிராபத்து இத்தனை சதவீதம் என்று ஓர் எண் வரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "ரிஸ்க் அதிகம்" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியாது.

உடல் நீர்கோத்த நிலையில் அறுவைக்குப் போகாமல், சில நாள் மாத்திரையால் நீரை வடித்துவிட்டுப் போவது எங்களுக்கும் நல்லது, அப்பாவுக்கும் நல்லது. ஆனால் மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் மயக்கம் சாதாரணமல்ல. சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வால்வு | செவ்வாய், காலை 10.20

மகளே, பயப்பட வேண்டாம். எனக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கியது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா வால்வு என் நெஞ்சில் ஓடுகிறது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய நம் நாட்டு வால்வு அது. இரவில் அமைதியாக இருந்தால் அதன் டிக் டிக் சத்தம் என் மனைவிக்கும் கேட்கும்.

என் கதை வேறு. இடது பக்கப் பம்பிங் எனக்கு நன்றாகவே இருந்தது, நுரையீரல் அழுத்தம்தான் ஏறியிருந்தது. எனவே என் அனுபவத்தை உங்கள் அப்பாவுக்கு அளவுகோலாக வைக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் வால்வு மாற்று அறுவை அதில் வரும். முன்அனுமதி வாங்க எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சிக் காற்று | செவ்வாய், மாலை 4.15

நான் லண்டனில் இதய சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். இங்கே இப்படியான நோயாளியைப் பற்றி ஒரு வைத்தியர் தனியே தீர்மானிப்பதில்லை. இதய வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், எக்கோ பார்ப்பவர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து படங்களைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். உங்கள் ஊரிலும் பெரிய நிலையங்களில் இந்த வழக்கம் உண்டு என்று அறிகிறேன். கேட்டுப் பாருங்கள், தங்கச்சி.

இன்னும் இரண்டு விஷயம். நாங்கள் நோயாளியை ஐந்து மீட்டர் தூரம் நடக்கவிட்டு நேரம் பார்ப்போம். ஆறு செக்கனுக்கு மேல் எடுத்தால், இதயம் தாங்கினாலும் உடம்பு தேறி எழும்ப நாளாகும். மற்றது பல். சொத்தைப் பல்லில் இருந்து கிருமி ரத்தத்தில் இறங்கிப் புது வால்வில் குடியேறினால் அது பெரும் வினை. பல் வேலை முழுவதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.

மலைக்கோட்டை மகள் | வெள்ளி, இரவு 8.30

சோதனை முடிந்தது. அப்பாவுக்கு நெஞ்சு படபடத்ததைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. காபி எப்போது தருவீர்கள் என்று நடுவில் கேட்டாராம்.

எக்கோ அறை ஐயா சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் 50 மி.லி.யிலிருந்து 63 ஆனது. சராசரி அழுத்தம் 28 இருந்தது 42 ஆனது. பரப்பு 0.8. பம்பிங் 30 இருந்தது 38. வலது பக்க அசைவு 19 மி.மீ.

எக்கோ அறை | வெள்ளி, இரவு 8.58

50-லிருந்து 63 என்றால் 26 சதவீத உயர்வு. இருப்புச் சக்தி இருக்கிறது. அழுத்தம் 40-ஐத் தாண்டிவிட்டது, பரப்பு அசையவில்லை. நான் சொன்னதில் முதல் வகை இது. தீர்ப்பை உங்கள் மருத்துவர் சொல்லட்டும், ஆனால் அண்ணனும் சித்தப்பாவும் இனி சண்டை போட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

மயக்கவியலாளன் | வெள்ளி, இரவு 10.10

நல்ல செய்தி. 68 வயது என்பதால் திசு வால்வா, உலோக வால்வா, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியே வைக்கும் டாவி வால்வா என்ற பேச்சு அடுத்து வரும். அதை அறுவை நிபுணரிடமும் இதய மருத்துவரிடமும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையாவது அப்பா சாப்பிட்டால், பல் பிடுங்குவதற்காக அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கரிசல் காடு | சனி, காலை 9.05

என் மாமாவுக்கும் இதே சோதனை செய்தார்கள். ரத்த ஓட்டம் ஏறவே இல்லை. "இருப்பு இல்லை, அறுவை வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

மயக்கவியலாளன் | சனி, நண்பகல் 12.40

அவ்வளவுதான் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2003-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், இருப்புச் சக்தி உள்ளவர்களில் 5 சதவீதம் பேர் அறுவையை ஒட்டி இறந்தார்கள், இல்லாதவர்களில் 32 சதவீதம் பேர். மூன்றில் ஒருவர் என்ற அந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் கதவைச் சாத்திவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இருப்பு இல்லை என்று சொல்லப்பட்டவர்களிலும் அறுவையைத் தாண்டி வந்தவர்களின் பம்பிங் ஏறியது. மாத்திரையோடு மட்டும் நின்றவர்களைவிட அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆக, இருப்பு இல்லை என்பது அறுவையின் ஆபத்தைச் சொல்கிறது. வால்வை மாற்றிப் பயனில்லை என்று அது சொல்லவில்லை. என் பார்வையில் இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் இன்றும் நடக்கும் பெரிய பிழை.

டாவி வந்த பிறகு கணக்கே மாறியது. பிரான்சில் அலைன் கிரிபியே 2002-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்த முறை அது. அதில் இதயத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. டாவி செய்துகொண்ட இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, இருப்பு இல்லாதவர்கள் மோசமாகப் போனதாகத் தெரியவில்லை.

உங்கள் மாமாவுக்கு முதலில் தேவை, சுருக்கம் உண்மையா என்ற விடை. டோபுடமின் விடை சொல்லாதபோது சாதாரண சி.டி. சொல்லும். சாய மருந்துகூடத் தேவையில்லை. வால்வில் படிந்த சுண்ணாம்பை அளந்து ஓர் எண் தருவார்கள். ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 தாண்டினால் கடுமையான சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்குக் குறைந்த சுண்ணாம்பிலேயே வால்வு இறுகிவிடுவதால் எல்லை வேறு. ஆணின் எல்லையை வைத்துப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய கதைகளும் உண்டு.

நாலும் தெரிந்தவன் | சனி, பிற்பகல் 1.15

சி.டி. வரும் என்று முதலிலேயே சொன்னேன்.

மயக்கவியலாளன் | சனி, பிற்பகல் 1.22

சொன்னீர்கள். எதற்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

வைகை அணைக்கட்டு | ஞாயிறு, காலை 7.30

நடுவில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 57 வயது. மைட்ரல் வால்வின் மடல் பிதுங்கி, கடுமையான கசிவு. பம்பிங் 58 சதவீதம், "இயல்பு" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தொந்தரவும் பெரிதாக இல்லை. இந்த இழையில் 30 சதவீதக்காரர்களைப் பார்த்தபின் நாங்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. சரிதானா?

எக்கோ அறை | ஞாயிறு, காலை 9.10

அந்த "இயல்பு" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கசியும் மைட்ரல் வால்வில் பம்பிங் சதவீதம் ஏமாற்றும். இதயம் சுருங்கும்போது ரத்தத்தில் ஒரு பங்கு முன்னால் உடலுக்குப் போகிறது, ஒரு பங்கு பின்னால் அழுத்தம் குறைந்த மேலறைக்குத் திரும்புகிறது. அறையை விட்டு வெளியேறியதை எல்லாம் நாங்கள் பம்பிங் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பின்னால் தள்ளுவது சுலபம் என்பதால் எண் உயர்ந்தே தெரியும். அதனால் இந்த நோயில் 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலே தசை தளரத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம் அது. வால்வைச் சரிசெய்த பிறகு பின்வழி அடைபடும், பம்பிங் எண் சற்று இறங்கும். 58-இல் செய்தால் அந்த இறக்கத்தை இதயம் தாங்கும். 40 வரும்வரை காத்திருந்தால் தாங்குவது கடினம்.

அறிக்கையில் இதயம் முழுதாகச் சுருங்கிய நிலையில் இடது கீழறையின் விட்டம் எழுதியிருக்கும். 40 மி.மீ. அதற்கும் எல்லை. பார்த்துச் சொல்லுங்கள். இது மடல் கெட்டுக் கசியும் வால்வுக்கான கணக்கு. இதயம் விரிந்ததால் நல்ல வால்வே கசியும் வகைக்கு வேறு விதிகள் உண்டு, இரண்டையும் கலக்க வேண்டாம்.

வைகை அணைக்கட்டு | ஞாயிறு, காலை 9.52

43 என்று இருக்கிறது. அம்மா தீபாவளி முடியட்டும் என்கிறார்.

எக்கோ அறை | ஞாயிறு, காலை 10.04

நாளையே எடுத்துப்போய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். தேதியை அவர் குறிக்கட்டும், தீபாவளிக்கு முன்னா பின்னா என்பதையும் அவரிடமே கேளுங்கள். தாளை மட்டும் கொண்டுபோகாமல், எக்கோ படம் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்கிப் போங்கள். மடலைத் தைத்துச் சீராக்க முடியுமா, வால்வையே மாற்ற வேண்டுமா என்பதைப் படத்தைப் பார்த்தால்தான் அவரால் சொல்ல முடியும். மைட்ரல் வால்வைச் சீராக்குவதில் கைதேர்ந்தவரா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.